பழைய காரின் ரூஃப் லைட், மீட்டர் லைட், லைட்டர் சாக்கெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் மாருதி 800, ஆம்னி, ஜென், பத்மினி, அம்பாசிடர் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இன்ஜினைப் பார்க்க ஆள் கிடைக்கிறார்கள். உள்ளே எரியாத சின்ன விளக்கைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை. "அது கெடக்கட்டும் அண்ணாச்சி, வண்டி ஓடுதுல்லா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பி வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

வேலையை ஆரம்பிக்குமுன் என்னென்ன சாமான் வேண்டும்?

அதிகமில்லை. சின்னதும் பெரிதுமாக இரண்டு ஸ்டார் திருப்புளி, ஒரு தட்டைத் திருப்புளி, பேட்டரி டெர்மினலுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு நோஸ் பிளையர், வழவழப்பான உப்புத்தாள், இன்சுலேஷன் டேப். இவற்றோடு கட்டாயம் ஒரு டெஸ்ட் லேம்ப். கடையில் கிடைக்கும். நீங்களே செய்வதானாலும் 12 வோல்ட் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு நீள வயர், ஒரு முனையில் முதலை கிளிப், மறுமுனையில் ஊசி, இவ்வளவுதான். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. ஆனால் களிம்பேறிய இணைப்பில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும், பல்பைப் போட்டால்தான் கரண்ட் வரவில்லை என்று தெரியும். டெஸ்ட் லேம்ப் அப்படிப் பொய் சொல்லாது.

வயரிங்கில் கை வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். கம்பெனி ரேடியோ உள்ள வண்டி என்றால், பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் அது கேட்கும் ரகசிய எண் (code) உண்டா என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரூஃப் லைட் எரியவில்லை. பல்பை மாற்றினேன், அப்போதும் எரியவில்லை. என்ன செய்வது?

அதிகம் வருகிற கேள்வி இது. பதிலும் கொஞ்சம் நீளம்.

பழைய காரில் பல்பு கெடுவதைவிடப் பல்பைத் தொடும் இடம் கெடுவதுதான் அதிகம். மூடியைத் தட்டைத் திருப்புளியால் ஓரத்தில் மெல்ல நெம்பிக் கழற்றுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு திறந்தால் உள்ளே ஈசல் இறக்கை ஒரு பிடி இருக்கும், அதைத் தட்டிவிடுங்கள். இப்போது இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே குழாய் போன்ற பல்பு மாட்டியிருப்பது தெரியும். தகட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். பல்பின் கூம்பு முனை உட்காரும் சின்ன ஓட்டை பளபளப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அதுதான் வியாதி. உப்புத்தாளைச் சுருட்டி அந்த ஓட்டையில் விட்டுத் திருகுங்கள், பல்பின் இரண்டு முனைகளையும் தேயுங்கள். சூட்டில் தகட்டின் இறுக்கமும் போயிருக்கும். இரண்டையும் உள்பக்கமாகக் கொஞ்சம் வளைத்துவிட்டு பல்பை மாட்டுங்கள். 'டக்'கென்று உட்கார வேண்டும். தொளதொளவென்று ஆடினால் நாளை மறுபடி அணையும்.

புதுப் பல்பு வாங்கப்போனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று பல நீளங்களில் வருகிறது. மூன்று மில்லிமீட்டர் குறைந்தாலும் நிற்காது. வாட்டும் பார்க்க வேண்டும். 5 வாட் போட்டிருந்த இடத்தில் வெளிச்சம் வேண்டுமென்று 10 வாட் போட்டால் மூடி பழுத்து, நடுவில் உருகி, வெடித்துவிடும்.

இதற்கும் எரியவில்லையா? பேட்டரியை மறுபடி மாட்டி, பல்பைக் கழற்றிவிட்டு டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பெயிண்ட் இல்லாத பாடி இரும்பில் மாட்டி, ஊசியால் இரண்டு தகடுகளையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றிலாவது எரிந்தால் பாசிட்டிவ் வந்துவிட்டது. எதிலுமே எரியாவிட்டால் பியூஸைப் பாருங்கள். பாசிட்டிவ் வந்தும் விளக்கு எரியவில்லை என்றால் எர்த்து வரவில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் காருக்குள் பாதி விளக்குகளை நீங்களே சரிசெய்துவிடலாம்.

எர்த்து வரவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே தேடுவது?

காரில் பெரும்பாலான விளக்குகளுக்கு ஒரு வயர்தான் பேட்டரியிலிருந்து வருகிறது. திரும்பிப் போகிற வழி இரும்பு பாடியே. பாடிக்கும் விளக்குக்கும் நடுவில் துரு, பெயிண்ட், உப்பு எது வந்தாலும் வழி அடைபடும். உவரி, கூத்தன்குழி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் வண்டி நின்றால் இது சீக்கிரம் வரும். பணகுடி, இராதாபுரம் பக்கம் ஆடிக் காற்று அடிக்கும்போது ஏறும் மணல்தூசி வேறு.

ரூஃப் லைட்டில் பெரும்பாலும் மூன்று நிலை இருக்கும்: எப்போதும் எரிவது, கதவு திறந்தால் எரிவது, அணைவது. எப்போதும் எரியும் நிலையில் வைத்தால் எரிகிறது, கதவு நிலையில் எரியவில்லை என்றால் விளக்கின் மேல் பழியில்லை, கதவு சுவிட்சு அல்லது அதன் வயர். நேர்மாறாக, கதவு திறந்தால் எரிகிறது, எப்போதும் எரியும் நிலையில் எரியவில்லை என்றால் விளக்கின் உள்சுவிட்சையோ, அதைக் கூரையில் பிடித்திருக்கும் ஸ்க்ரூவையோ பாருங்கள். பல வண்டிகளில் அந்த ஸ்க்ரூதான் எர்த்து.

டிரைவர் கதவைத் திறந்தால் லைட் வருகிறது, மற்ற கதவுகளுக்கு வரவில்லை.

கதவு மூடும் சட்டத்தில், தூணில் ரப்பர் மூடிய சின்ன பட்டன் இருக்கும். அதுதான் கதவு சுவிட்சு. மலிவான வண்டிகளில் எல்லாக் கதவுக்கும் இது இருக்காது, முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத சுவிட்சை ரிப்பேர் செய்யச் சொல்லிக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

இருந்தால், ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றி மெல்ல வெளியே இழுங்கள். பின்னால் ஒற்றை வயர் வரும். வயரை சுவிட்சிலிருந்து பிடுங்குமுன் அதில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள், அல்லது துணி காயப்போடும் கிளிப்பை மாட்டுங்கள். இல்லாவிட்டால் வயர் தூணுக்குள் விழுந்துவிடும், அப்புறம் அதைத் தேடி எடுக்க அரை நாள் போகும்.

மாருதி போன்ற ஜப்பான் வழி வண்டிகளில் இந்த வயர் எர்த்துப் பக்கத்து வயர். ரூஃப் லைட்டைக் கதவு நிலையில் வைத்து, வயர் முனையை பாடியின் வெறும் இரும்பில் தொடுங்கள். லைட் எரிந்தால் வயர் நன்றாக இருக்கிறது, சுவிட்சைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். எரியாவிட்டால் வயர் நடுவில் அறுந்திருக்கிறது. வேறு வகை வண்டி என்றால், தொடுமுன் டெஸ்ட் லேம்பால் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிப்பை பாடியில் மாட்டி, ரூஃப் லைட் பல்பையும் கழற்றிவிட்டு, ஊசியை வயரில் வையுங்கள். அப்போதும் டெஸ்ட் லேம்ப் எரிந்தால் அது நேர் பாசிட்டிவ். பாடியில் தொட்டால் பியூஸ் போகும்.

இன்னொன்று. டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வந்த வண்டியில் கதவு லைட் வேலை செய்யாமல் போவது ரொம்ப சகஜம். சுவிட்சு உட்காரும் இடத்திலும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து இரும்பைக் காட்டினால் போதும், ஒரு பைசா செலவில்லை. தேய்த்த இடம் துரு பிடிக்காமல் இருக்க வாசலின் லேசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் கட்சி ஒன்று நம் பக்கம் இருக்கிறது. எண்ணெய் தூசியை இழுக்கும், வேண்டாம்.

பியூஸ் அடிக்கடி போகிறது. கொஞ்சம் பெரிய பியூஸாகப் போடலாமா?

கூடாது. பியூஸில் மெல்லிய கம்பியைச் சுற்றுவதும், சிகரெட் பெட்டித் தகட்டை மடித்து வைப்பதும் கூடவே கூடாது. பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். அது போகாவிட்டால் கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் சிவந்து எரியும். உள்ளே இருப்பதோ பஞ்சும் ரெக்சினும்.

தகடு வகை பியூஸுக்கு நிறமே அளவு: பழுப்பு 7.5 ஆம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பே போடுங்கள். பத்மினி காலத்து பீங்கான் பியூஸில் நிறக் கணக்கு வேறு, அங்கே வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த பீங்கான் பியூஸ் பல நேரம் போயிருக்காது, முனையில் களிம்பு பிடித்திருக்கும். விரலால் இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றினால் விளக்கு வந்துவிடும். வந்ததும் விட்டுவிடாமல் கழற்றித் தேயுங்கள்.

பல கார்களில் ரூஃப் லைட், கடிகாரம், ரேடியோ மெமரி எல்லாம் ஒரே பியூஸில் இருக்கும். மூன்றும் ஒன்றாகப் போனால் பியூஸ்தான், பல்பைக் குடைய வேண்டாம்.

மீட்டர் போர்டு இரவில் இருட்டாக இருக்கிறது. நானே திறக்கலாமா?

நாகர்கோவில் ரோட்டில் ராத்திரி போகும்போது பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். அழகுக்காக உள்ள விளக்கு இல்லை இது, முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

திறக்குமுன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துப் பதினைந்து முறை திருப்புங்கள். உள்ளே படிந்த களிம்பு தேய்ந்து சில வண்டிகளில் வெளிச்சம் திரும்பிவிடும்.

இல்லையென்றால் திறக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரைச் சுற்றியுள்ள மூடியின் ஸ்க்ரூக்களை எடுங்கள். மீட்டரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பழைய வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் கேபிள் பின்னால் மாட்டியிருக்கும், கையை விட்டு அதன் கிளிப்பை அழுத்தியோ மரையைத் திருகியோ கழற்றிய பிறகுதான் வெளியே வரும். பின்பக்கம் செம்புக் கோடு ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மாருதி வகையறாவில் அதுதான் வயரிங். மடங்கினால் கோடு அறுந்துவிடும், விரல் நகம்கூடப் படாமல் பாருங்கள். பல்பு ஹோல்டரைக் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வரும். பல்புக் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால், எரிகிற பல்பாக இருந்தாலும் மாற்றுங்கள். வெளிச்சம் குறைவதற்கு அந்தக் கறுப்பே காரணம். திறந்தது திறந்தாயிற்று, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதுதான் புத்தி. மூடுமுன் பேட்டரியை மாட்டி, பார்க்கிங் லைட்டைப் போட்டு எல்லாம் எரிகிறதா என்று பாருங்கள்.

எல்இடி பல்பு போடலாமா?

ரூஃப் லைட்டுக்குத் தாராளமாகப் போடலாம். 10 வாட் பல்பு 0.8 ஆம்பியர் இழுக்கிற இடத்தில் எல்இடி 0.1 இழுக்கும், மூடியும் சுடாது. எரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. அணைத்த பிறகும் மினுக்கென்று மங்கலாக எரிந்தால் பயப்பட வேண்டாம். ஈரம் ஏறிய கதவு சுவிட்சு வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்தாலே எல்இடிக்குப் போதும். குற்றாலச் சாரலில் நின்றுவிட்டு வந்த வண்டிகளில் பார்க்கலாம்.

மீட்டர் போர்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேண்டாம். பேட்டரிப் படம் போட்ட சிவப்பு சார்ஜிங் விளக்கு இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். பழைய வகை ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்ய ஆரம்பிக்க அந்தப் பல்பு வழியாக வரும் கரண்ட் தேவை. எல்இடி விடும் கரண்ட் போதாமல், இன்ஜின் ஓடியும் சார்ஜ் ஏறாமல் போகலாம். இண்டிகேட்டர் பல்புகளை எல்இடி ஆக்கினால் அவற்றை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷர் படபடவென்று அடிக்கும். அதற்கு எல்இடிக்கான பிளாஷர் தனியாக உண்டு.

கால் வைக்கும் இடத்தில் நீலம், ஊதா என்று பட்டை விளக்கு ஒட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. இரவில் அந்த வெளிச்சம் கண்ணாடியில் அடித்து ரோட்டை மறைக்கும். நிறுத்தும்போது மட்டும் எரிகிறமாதிரி கதவு சுவிட்சோடு இணைத்தால் சரி.

டேஷ்போர்டில் முருகன் சிலைக்கு ஒரு சின்ன விளக்கு போட வேண்டும். எங்கிருந்து வயர் எடுப்பது?

திருச்செந்தூர் போய் வந்த கையோடு வரும் கேள்வி. மாதா படம் வைத்தவர்களும் 786 ஒட்டியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே வயரிங்தான்.

சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து எடுங்கள். நேராக பேட்டரியிலிருந்து எடுத்தால் சாமி இரவெல்லாம் எரிவார், காலையில் வண்டி கிளம்பாது. பியூஸ் பாக்ஸிலேயே சொருகித் தனி வயர் எடுக்கும் 'பியூஸ் டேப்' (fuse tap, சுற்றுகிற டேப் இல்லை) கிடைக்கிறது, அதில் 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் போட்டு இழுப்பதுதான் சுத்தமான வேலை. ஓடுகிற வயரைப் பிளேடால் சீவி, முறுக்கி, டேப் சுற்றுவது நம் ஊர் வழக்கம். கத்திரி வெயிலில் டேப் பசை இளகி அவிழ்ந்துவிடும், அப்புறம் பாடியில் தொட்டு ஷார்ட். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். அரை ஸ்கொயர் (0.5 சதுர மில்லிமீட்டர்) வயர் தாராளம். விளக்கைத் தாழ்வாக, மஞ்சள் வெளிச்சமாக வையுங்கள். உயரத்தில் வைத்தால் முன் கண்ணாடியில் இன்னொரு முருகன் தெரிவார். ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் மூடிமேல் எதையும் ஒட்டாதீர்கள்.

லைட்டர் சாக்கெட்டில் செல்போன் சார்ஜ் ஏறவில்லை.

உள்ளே பாருங்கள். சில்லறைக் காசு, சீரகமிட்டாய், ஊதுபத்திச் சாம்பல் எல்லாம் கிடக்கும். காசு விழுந்தால் நடுமுனையும் ஓரமும் ஒட்டி பியூஸ் போய்விடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு நோஸ் பிளையரால் எடுங்கள், உப்புத்தாள் சுற்றிய குச்சியால் நடுமுனையைத் தேயுங்கள், பியூஸை மாற்றுங்கள். சார்ஜர் தளர்வாக இருந்தால் அதன் பக்கவாட்டு ஸ்பிரிங் தகடுகளைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடுங்கள்.

அந்த சாக்கெட்டின் தாங்கும் அளவு பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். 150 வாட் இன்வெர்ட்டர் போட்டால் 12.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 10 ஆம்பியர் பியூஸ் நிற்காது. டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் அப்படித்தான்.

ரொம்பப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1950, 60-களின் அந்தவகை வண்டிகளில் பாடியோடு இணைப்பது பேட்டரியின் பாசிட்டிவ். நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் சார்ஜரோ எல்இடியோ ரேடியோவோ மாட்டினால் புகைதான் வரும். பாடிக்குப் போகும் தடித்த வயர் பேட்டரியின் எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. உள்ளே ஏதாவது விளக்கு காரணமாக இருக்குமா?

இருக்கலாம். 10 வாட் ரூஃப் லைட் பத்து மணி நேரம் எரிந்தால் 8 ஆம்பியர்-அவர் போகும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அது கால் பங்குக்குக் கிட்ட. பழைய பேட்டரி அதற்கே படுத்துவிடும். டிக்கி விளக்கும் கிளவ் பாக்ஸ் விளக்கும் மூடிய பிறகு அணைகிறதா என்று யார் பார்த்தது? செல்போனில் வீடியோ எடுக்க விட்டு உள்ளே வைத்து மூடுங்கள், அது பார்த்துச் சொல்லும்.

அதிலும் தெரியாவிட்டால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் மாட்டுங்கள். சாவி எடுத்து, கதவெல்லாம் மூடியிருக்க வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்குமேல் காட்டினால் பியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழியில் திருடன் இருக்கிறான். என் அனுபவத்தில் பிற்பாடு வாங்கி மாட்டிய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், சென்ட்ரல் லாக் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ரேடியோவில் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட், சிவப்பு சாவி வழியாக, கறுப்பு எர்த்து. சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி விட்டிருந்தால் ரேடியோ அணையவே அணையாது.

2023 வெள்ளத்தில் நின்ற காரை மலிவாகத் தருகிறார்கள். உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது. வாங்கலாமா?

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணிக் கரையிலும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்திலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. விளக்கு எரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் வடிந்த உடனே எல்லாம் எரியும், களிம்பு பிறகு மெதுவாகத்தான் ஏறும்.

சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். பாதியில் ஒரு வண்டல் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வந்தது என்று அர்த்தம். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள கனெக்டர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் பின்களெல்லாம் பச்சையாக இருந்தால் விலையைப் பற்றிப் பேசாமலே எழுந்து வரலாம். மஞ்சள் நிறக் கனெக்டர் மட்டும் ஏர்பேக்குடையது, அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே கையில் இருக்கிற வண்டி அப்படி நின்றிருந்தால், எர்த்து ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், ஆனால் பல சில்லறை வியாதிகள் அதோடு தீரும்.

மூடி, கிளிப் எல்லாம் தொட்டாலே உடைகிறது. கிடைக்குமா?

அம்பாசிடரும் மாருதி 800-உம் 2014-உடன் நின்றுபோயின, பத்மினி அதற்கும் முன்பே. மாருதி சாமான் ஸ்பேர் கடைகளில் இன்னும் புழங்குகிறது. மற்றவற்றுக்கு உடைக்கிற வண்டிகளில் தேட வேண்டும், பெரிய தேவை என்றால் சென்னை புதுப்பேட்டை. ஆனால் உடைக்காமல் கழற்றுவது அதைவிட லேசு. வண்டியைக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். சூடேறிய பிளாஸ்டிக் வளையும், மழைக்கால விடியலில் அதே பிளாஸ்டிக் படக்கென்று முறியும். திருப்புளி முனையில் துணி சுற்றிக்கொண்டால் கீறலும் விழாது.

எலி வயரைக் கடித்துவிடுகிறது. ஏதாவது வழி?

வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். முறுக்கு, சேவு பாக்கெட்டை உள்ளே வைக்காதீர்கள். புகையிலை, பாச்சை உருண்டை எல்லாம் பத்து நாளைக்கு, பிறகு எலி பழகிவிடும். வாரத்துக்கு இரண்டு முறையாவது வண்டியை எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கடித்த வயரை அதே தடிமன் வயரால் மாற்றுங்கள், டேப் மட்டும் சுற்றி விடாதீர்கள்.

டேஷ்போர்டு கடிகாரம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் 1:00-க்குப் போய்விடுகிறது. கடிகாரத்தை மாற்றவா?

வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் ரொம்ப இறங்குவதால் அப்படி ஆகிறது. பேட்டரி டெர்மினலையும், பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த்து வயர்களையும் கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.